பதினேழாவது துண்டு

மாலையில் மாதா கோயில் மணி அடித்ததும் சூசைமாணிக்கம் தெருக்கதவைச் சாத்திவிடுவான். கேட்டவர்களுக்குக் கொசு என்று பதில் வைத்திருந்தான். கொசுவாவது ஒன்றாவது. கதவைச் சாத்திக்கொண்டு அவன் செய்தது ஒரு திருட்டு. தூத்துக்குடியின் கடலோரத் தெருக்களில் அந்த நேரத்தில் கதவு சாத்திய வீடுகளிலெல்லாம் அதே திருட்டுதான் நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அதன் முன் நின்று, தன் மனைவி ஜெனோவாவின் பெயரில் இருக்கும் கோப்பைத் தட்டிக் கேட்பான். மொத்தம் இருபது துண்டுகள். ஊரில் எங்கெங்கோ உள்ள வீடுகளிலிருந்து அவை ஒவ்வொன்றாக வந்து சேரும். எல்லாம் வந்ததும் ‘கிடைத்தது’ என்று ஒப்புதல் அனுப்புவான். பிறகு வந்ததை அப்படியே அழித்துவிடுவான். அவ்வளவுதான் திருட்டு.

அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து இரண்டு சொடக்குச் சத்தம் வரும். மாடியில் குடியிருந்த பிரகாசியின் பெட்டி அது. கேட்ட துண்டைக் கொடுத்தால் பெட்டி இரண்டு முறை சொடக்கும். அந்தத் துண்டு தன்னிடம் இல்லாமல் போயிருந்தால் ஒரு முறை.

“பாத்தீயளா, பிரகாசி பெட்டியும் யாருக்கோ அள்ளிக் குடுக்கு,” என்பாள் ஜெனோவா. “ஊருக்கே பெரிய பெட்டில்லா அது.”

“மெல்லப் பேசு. அவ கண்ணுல இது பட்டா நம்ம கத முடிஞ்சுது.”

“அவ இந்நேரம் ஆபீஸ்ல இருப்பா. சும்மா பயந்து சாவாதீய.”

பயப்படக் காரணம் இருந்தது. கடலடி இணையக் கம்பிகள் அறுந்து, அவற்றை ஒட்டித் தர எந்த நாட்டுக்கும் மனசு வராமல் போனபிறகு, ஒவ்வொரு ஊரும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புதிய கணினிச் சில்லு எதுவும் கப்பலில் வருவதில்லை. இருந்த போன்களையும் கணினிகளையும் பிரித்துப் போட்டு வீட்டுக்கொரு பெட்டி செய்தார்கள். பள்ளிப் பாடம், மருத்துவக் குறிப்பு, காற்று வரைபடம், சினிமா என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று வீட்டுப் பெட்டிகளில் வைத்தார்கள். தன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. தன் கோப்பைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளவும் முடியாது. முதல் வருஷம் ஆளாளுக்குத் தங்கள் கல்யாண வீடியோவை நிரப்பிக்கொண்டு, ஊர்ச்சரக்குக்கு இடமில்லை என்று கையை விரித்ததால் வந்த கட்டுப்பாடு அது.

கொடுத்தால்தான் கிடைக்கும் என்பது விதி. கொடுப்பதற்குப் புள்ளி. புள்ளி குறைந்தால் பெட்டியை அடைத்துவிடுவார்கள். அடைத்த பெட்டிக்கு உள்ளேயும் எதுவும் வராது, அதிலிருந்து வெளியேயும் எதுவும் போகாது. அதனால் பெட்டிகளும் விவரமாக நடந்துகொண்டன. இடம் போதாதபோது, புள்ளி சம்பாதிக்காத துண்டுகளைத் தாமாகவே கழித்துக்கட்டின.

ஜெனோவாவின் பாடு இங்கேதான் சிக்கியது. பிறவியிலேயே காது கேட்காதவள் அவள். சின்ன வயதில் காதுக்குள் ஒரு கருவி வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்குச் சத்தத்தை அனுப்பக் காதின் மேல் இன்னொன்று மாட்டிக்கொள்வாள். எந்தச் சத்தத்தை எவ்வளவு உள்ளே அனுப்ப வேண்டும் என்று அவள் நரம்புக்கு மட்டும் அளந்து எழுதிய ஒரு கோப்பு அதற்கு வேண்டும். வேறு யார் காதுக்கும் அது உதவாது. கருவி பழையது. பாட்டரி முழுக்க இறங்கிவிட்டால் எழுதியதை மறந்துவிடும், மறுபடி ஊட்ட வேண்டும். புதிதாக எழுதித் தர இந்தப் பக்கத்தில் ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை.

ஒரே ஒருத்திக்கு, என்றோ ஒரு நாள் தேவைப்படும் கோப்பு. அதை வைத்திருக்கும் பெட்டிக்கு என்ன புள்ளி கிடைக்கும்? எதுவும் கிடைக்காது. கழித்துவிடும். அதனால்தான் சூசை தினமும் கேட்டான். எதிர்வீட்டு மரியசிலுவை, செத்துப்போன மகன் பேசிய நாலு வார்த்தைகளைத் தினமும் கேட்டாள். தெருக்கோடி வீட்டுக்காரர் தன் இதயத்தின் ஸ்கேன் படத்தைக் கேட்டார். மணியடித்ததும் கேட்டு வைப்பது அந்தத் தெருக்களில் விளக்கேற்றுவதைப் போல ஒரு பழக்கமாகியிருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

காது போனால் ஜெனோவாவுக்குத் தொழிலும் போகும். அவள் மீன் ஏலம் கூறுகிறவள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தும் ஏலக்கூடத்தில், எந்த மூலையிலிருந்து யார் விலையை ஏற்றினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். அவள் கூறினால் ஏமாற்று இருக்காது என்று வியாபாரிகளே அவளைத் தேடி வந்தார்கள்.

மாடியில் இருந்த பிரகாசி ஊர் மன்றத்தின் அளவை அதிகாரி. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அளக்கும் முறையை எழுதியவளே அவள்தான். மோசமான பெண் இல்லை. சொல்லப்போனால் அந்த ஊரில் அவளைவிட நேர்மையான ஆளைப் பார்ப்பது கஷ்டம். பிறகு வந்த வில்லங்கமும் அந்த நேர்மையால் வந்ததுதான்.

சொந்தமில்லாவிட்டாலும் அண்ணன், மைனி என்று முறைவைத்துப் பழகியவள். ஒருநாள் மதியம் அவள் கீழே சாப்பிட வந்தாள். ஜெனோவா அவளுக்குச் சாளைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மைனி, ஒரு திருட்டுக் கூட்டத்தப் பிடிச்சிட்டேன்.”

ஜெனோவாவின் கை அப்படியே நின்றது.

“சாயங்காலம் மணியடிச்சதும் நூத்துக்கணக்கான பெட்டி, நேத்து கேட்ட துண்டையே இன்னைக்கும் கேக்கு. வாங்குதாங்க, உடனே அழிச்சிருதாங்க. அழிக்கதுக்கு என்னத்துக்கு வாங்கணும்? வேண்டப்பட்டவன் பெட்டிக்குப் புள்ளி ஏத்தி விடுதாங்க, வேற என்ன.”

“கோயில் பாட்டு ஏதாவது கேப்பாங்களா இருக்கும்,” என்றான் சூசை, தட்டைப் பார்த்தபடி.

“பாட்டுன்னா எல்லாரும் ஒரே பாட்டக் கேக்கணும்லாண்ணே. இது ஆளுக்கொரு துண்டு. வேற ஒருத்தரும் சீண்டாத துண்டு.”

“ஆளு யாருன்னு தெரியுமா?” என்று கேட்டாள் ஜெனோவா.

“பேரு பாக்க எனக்கு அனுமதி இல்ல மைனி, நம்பர் மட்டுந்தான். யாரா இருந்தா என்ன? எங்க அப்பாவக் கொன்னது இந்தப் பொய்ப் புள்ளிதான்.”

அந்தக் கதை அவர்களுக்குத் தெரியும். அவள் சொந்த ஊரான மணப்பாட்டில் பணக்கார வீடுகள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கியதாகப் பொய்ப் புள்ளி ஏற்றிக்கொண்டன. ஊர்ச்சராசரியோடு அடைப்புக்கோடும் மேலே போய்விட்டது. நேர்மையாகக் கொடுத்தவர்களின் பெட்டிகள் கோட்டுக்குக் கீழே விழுந்து அடைபட்டன. பிரகாசியின் அப்பா பெட்டியும் அதில் ஒன்று. புயல் எச்சரிக்கை வராமலே அவர் கடலுக்குப் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. கொடுத்தவன் சொன்னால் கணக்கில்லை, வாங்கியவன் ஒப்புக்கொண்டால்தான் கணக்கு என்ற விதியை எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசி, அதை நிறைவேற்ற வைத்தவள் அவள்.

ஜெனோவா எதையோ சொல்ல வாயெடுத்தாள். சூசை தன் காலால் அவள் காலை அழுத்தினான். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். மன்றத் தலைவர் வேதநாயகம், உப்பளம் வைத்திருந்து நொடித்துப்போனவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். பிரகாசி கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினாள். ஒரே ஆள் ஒரே துண்டை மறுபடி மறுபடி கேட்டால், கொடுத்தவருக்கு இனிப் புள்ளி கிடையாது. அதற்கு மேலும் கேட்டால் கேட்டவரின் பெட்டி அடைக்கப்படும். இதுவரை செய்தவர்கள் இப்போதே ஒப்புக்கொண்டால் ஒரு வருஷம் மட்டும் அடைப்பு.

“யாருக்காவது மறுப்பு இருக்கா?” என்று கேட்டார் வேதநாயகம்.

கூட்டத்தில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியசிலுவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூசை எழுந்து நின்றான்.

“என்ன சூச, சொல்லுடே.”

சூசை பிரகாசியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. பேசுங்கண்ணே என்று தைரியம் சொல்வதுபோல் சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தண்ணி குடிக்க எந்திச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விதி நிறைவேறியது. கைதட்டினார்கள். மறுப்புச் சொல்ல வேண்டியவர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். தட்டாதவனைக் கூர்ந்து பார்ப்பார்களோ என்ற பயம்.

திரும்பி வரும் வழியில் ஜெனோவா கொதித்தாள். “எந்திச்சுட்டுப் பேசாம உக்காந்துட்டீயளே! ஆம்பளதானா நீங்க?”

“பேசுனா பெட்டிய ஒரு வருஷம் அடைப்பான். அதுக்குள்ள உன் பாட்டரி இறங்கிச்சுன்னா, துண்டு எல்லாம் பத்திரமா இருந்தும் உனக்கு வராது. பேசாம இருந்தா துண்டு போயிரும். எதச் செய்யச் சொல்லுத?”

அன்றிலிருந்து மணியடித்தாலும் அவன் கதவைச் சாத்தவில்லை. பாட்டரியை மட்டும் இறங்கவிடாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். மணியடித்ததும் மாடியில் கேட்கும் இரண்டு சொடக்குச் சத்தமும் நின்றுபோனது. “அவ பெட்டிக்கும் வேல இல்லாம போச்சு பாருங்க,” என்றாள் ஜெனோவா. அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புதிய விதி நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. எங்கேயோ ஒதுக்குப்புறத்தில் அடைபட்டுக் கிடந்த ஏழை வீடுகள் கோட்டுக்கு மேலே வந்தன. பாடம் வேகமாக வந்தது, சினிமா நடுவில் நிற்காமல் ஓடியது. கார்த்திகையில் புயல் கிளம்பியபோது காற்று வரைபடம் ஒரு பெட்டி விடாமல் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து அத்தனை மீன்பிடி போட்டுகளும் நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டன. ஒரு உயிர் போகவில்லை. பிரகாசி மாடியில் தனியாக உட்கார்ந்து, அப்பாவின் படத்தைப் பார்த்து அழுதாள்.

ஆனால் புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஜெனோவா கருவியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். ஈரக்காற்று படாமல் இருந்தது, ஆனால் பழைய பாட்டரி கழற்றி வைத்தாலும் தானாக இறங்கக்கூடியது. விளக்கு வந்த அன்று அதை எடுத்துச் சார்ஜ் ஏற்றி மாட்டினாள். வெறும் இரைச்சல்கூட வரவில்லை.

சூசை கோப்பைக் கேட்டான். ஒன்று, இரண்டு என்று வரத் தொடங்கின. பதினாறு வந்தது. மாடியில் ஒரு சொடக்கு கேட்டது. பிறகு பதினெட்டு வந்தது, பத்தொன்பது, இருபது. பதினேழின் இடம் காலியாகவே இருந்தது. ஒன்று குறைந்தால் கோப்பு திறக்காது. மறுபடி கேட்டான். மாடியில் மறுபடி ஒரு சொடக்கு. வேர்த்து விறுவிறுத்து மாடிப்படி ஏறினான்.

“நீ பிடிச்சியே ஒரு திருட்டுக் கூட்டம்,” என்றான் பிரகாசியிடம். “அதுல நானும் ஒருத்தன்.”

எல்லாவற்றையும் சொன்னான்.

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?”

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். பேரை எழுதியிருப்பாள், பெட்டியை அடைத்திருப்பாள், அண்ணன் என்றும் பார்க்காத நேர்மையை ஊர் மெச்சியிருக்கும்.

“தேடித் தாரேன்,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஜெனோவா பிடிவாதமாக ஏலத்துக்குப் போனாள். வாயைப் பார்த்தே கூறிவிடலாம் என்று நினைத்தாள். நெய்மீன் கூடையை வைத்து விலை சொல்லத் தொடங்கினாள். முதுகுப் பக்கமிருந்து ஒருவன் ஏற்றியதைக் கேட்காமல், முன்னால் நின்றவனுக்குக் குறைந்த விலையில் முடித்துவிட்டாள். பின்னால் நின்றவன் கத்தினான். காசு வாங்கிக்கொண்டு கூறுகிறாள் என்றான். அவளைச் சுற்றி நாற்பது வாய்கள் திறந்து மூடின. எதற்கென்று புரியாமல் அவள் இன்னொரு முறை அதே விலையைச் சொன்னாள். கூடையை வேறொருத்தி இழுத்துக்கொண்டாள். அத்தனை வருஷம் ஏமாற்றாமல் சேர்த்த பெயர், ஒரு கூடை மீனோடு போனது. சூசை ஐஸ் கம்பெனியிலிருந்து ஓடி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

சொந்தக்காரர் கேட்டுக்கொண்டால், ஒரு துண்டு எந்தெந்தப் பெட்டியில் இருந்தது என்று அளவை அதிகாரி பார்க்கலாம். ஜெனோவாவின் கைரேகையோடு பிரகாசி அலுவலகத்தில் உட்கார்ந்து பதினேழாவது துண்டைத் தேடினாள். மூன்று பெட்டிகள். ஒன்று ஒரு துணிக்கடையுடையது. புதிய விதி வந்த சில நாட்களிலேயே கழித்துவிட்டிருந்தது. இரண்டாவது வலை பின்னும் ஒருவர் வீடு. அதுவும் கழித்துவிட்டது. மற்ற பெட்டிகளில் இருக்கும் என்று ஒவ்வொன்றும் நம்பியிருக்கிறது. மூன்றாவது மிகப் பெரிய பெட்டி. இடத்துக்குப் பஞ்சமில்லாததால் புள்ளி தராத அந்தத் துண்டைக் கடைசிவரை வைத்திருந்தது. புயல் வந்த அன்று காலையில் காற்று வரைபடங்கள் குவிந்தபோதுதான் இடமில்லாமல் கழித்திருந்தது.

அந்த எண் யாருடையது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்க்கிற எண். அது அவளுடைய பெட்டி. ஜெனோவா படுக்கிற அறைக்கு நேர்மேலே, அவள் தலைக்கு மேலே, அந்தத் துண்டு இத்தனை காலமும் இருந்திருக்கிறது.

பிரகாசி வேதநாயகத்திடம் ஓடினாள்.

“அந்த விதிய எடுத்துருவோம் அண்ணாச்சி. யாரும் கேக்காத துண்ட வச்சிருக்கவங்களுக்கும் புள்ளி குடுக்கணும்.”

“குடுப்போம். அவன் வச்சிருக்கான்னு எப்படித் தெரியும்? வச்சிருக்கேன்னு அவன் வாயால சொன்னா போதுமா?”

“போதாது. கேட்டுப் பாக்கணும். நாம அப்பப்போ சோதனைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

“ஊர்ல உள்ள அத்தன துண்டையுமா? நம்ம பெட்டி வலை தாங்குமாம்மா?”

“தாங்காது. தேவையுள்ளவன் தன்னோடத மட்டும் கேட்டா தாங்கும். அதத்தான் அவங்க செஞ்சுக்கிட்டு இருந்தாங்க அண்ணாச்சி. தெனமும் மணியடிச்சதும், ஊர்க்காவல் மாதிரி. நான் அவங்களத் திருடன்னு சொன்னேன்.”

வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அத்தன போட்டும் கர சேந்துருக்கு. ஜனம் இப்பதான் சந்தோசமா இருக்கு. கணக்கு தப்புன்னு இப்பப் போயிச் சொன்னா, அடுத்த புயலுக்கு ஒருத்தனும் உன் காத்துப் படத்த நம்ப மாட்டான். ஒருத்தி காது பெருசா, ஊர் உசுரு பெருசான்னு கேப்பாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“அடுத்த வருஷம் விதிய மாத்தலாம். துண்டு வராதுல்லா,” என்றாள் பிரகாசி.

அவள் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெனோவா அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். சூசை கதவோரம் உட்கார்ந்திருந்தான். பிரகாசி நேரே போய் ஜெனோவாவின் முன்னால் மண்டியிட்டாள்.

“மைனி, அது எம் பெட்டியிலதான் இருந்துச்சு. உங்க தலைக்கு மேலேயே இருந்துச்சு. நாந்தான் போக்கிட்டேன். இனிக் கிடைக்காது. எந்தப் பெட்டியிலயும் இல்ல.”

அழுகையில் உதடு கோணியது. ஜெனோவா அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தோற்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“என்னங்க சொல்லுதா? என்னத்துக்கு அழுதா?”

பிரகாசியைச் சூசை பார்த்த பார்வையில், அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவான் என்றுதான் தோன்றியது. பிறகு எழுந்து, பேசுவதற்காக வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்தான். ஒரு வரி எழுதி மனைவியிடம் காட்டினான்.

‘இன்னும் தேடுறாளாம்.’

ஜெனோவா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிரகாசியின் கன்னத்தைத் தடவினாள்.

“இதுக்கா அழுத? நீ தேடுனா கிடைக்காம போவுமா புள்ள? எனக்கு நம்பிக்க இருக்கு. இருந்து சாப்பிட்டுப் போ.”

அப்போது கோயில் மணி அடித்தது. சூசை போய், நெடுநாளைக்குப் பிறகு, தெருக்கதவைச் சாத்தினான். மனைவியின் தோளைத் தொட்டான். அவளுக்குப் புரிந்தது. பெட்டியின் முன்னால் போய் நின்று பதினேழாவது துண்டைக் கேட்டாள். நேற்று அவன் கேட்டிருந்தான். இன்னும் சில நாள் கேட்டால் பெட்டியை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அடைக்கட்டும் என்று சூசை விட்டுவிட்டான்.

மாடியில் ஒரு முறை சொடக்கியது. அந்தச் சத்தம் கேட்கக்கூடியவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜெனோவா பெட்டியைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றாள்.